கலைவாணர் வீட்டுக் கணக்கு

கலைவாணர் என்று பட்டம் பெற்ற நகைச்சுவை நடிகர் என்.எஸ். கிருஷ்ணன் பெயரை எடுத்தால், அவர் நடித்ததைப் பேசுகிறவர்களைவிட அவர் கொடுத்ததைப் பேசுகிறவர்கள்தான் அதிகம். திருடன் கதையைக் கேட்காதவர்கள் குறைவு. ராத்திரி வீட்டுக்குள் புகுந்த ஒருவன் பிடிபடுகிறான். கூடியவர்கள் கையை ஓங்குகிறார்கள். கிருஷ்ணன் குறுக்கே வந்து, "இவர் நம்ம நாடகக் கம்பெனி நடிகர், விடுங்க" என்று சொல்லி, மனைவி மதுரத்தைக் கூப்பிட்டு அவனுக்குச் சாப்பாடு போடச் சொல்கிறார். அடுத்தது வருமான வரி அதிகாரி கதை. செலவுக் கணக்கில் பக்கத்துக்குப் பக்கம் 'தர்மம்' என்று எழுதியிருப்பதை நம்பாத அதிகாரி, ஏழைத் தகப்பன் மாதிரி வந்து மகள் கல்யாணத்துக்கு உதவி கேட்கிறார். கேட்டதும் கிடைக்கிறது. உமக்குக் கிருஷ்ணன் என்று பேர் வைத்தது தப்பு, கர்ணன் என்றல்லவா வைத்திருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போகிறார். மூன்றாவது வெள்ளிக் கூஜா கதை. கையில் காசில்லாத கடைசிக் காலத்தில் உதவி கேட்டு வந்த ஒருவருக்கு, மிச்சமிருந்த வெள்ளிக் கூஜாவைத் தூக்கிக் கொடுத்து, சுத்த வெள்ளியாக்கும், ஏமாந்து குறைந்த விலைக்கு விற்றுவிடாதே என்று புத்தியும் சொல்லி அனுப்புகிறார்.

மேடை மேடையாகச் சொல்லப்பட்டு மெருகேறிய கதைகள் இவை. சொல்கிறவருக்கு ஏற்பத் தொகை மாறும், இடம் மாறும். ஆனாலும் அடியோடு பொய்யாக இருக்காது என்றே நம்புகிறேன். தமிழ்நாட்டில் சம்பாதித்த நடிகர்கள் எத்தனையோ பேர். இப்படிப்பட்ட கதைகள் ஒருவர்மேல் மட்டும் வந்து படிகின்றன என்றால் அதற்குக் காரணம் இருக்கும்.

எங்கள் ஆச்சி நாகர்கோவில் பக்கத்துக்காரி. யார் இந்தக் கதைகளைச் சொன்னாலும் முழுதாகக் கேட்பாள். கேட்டு முடித்துவிட்டு, "அதெல்லாம் செரிதான் மக்ளே. அந்த நேரங்கெட்ட நேரத்துல எந்திரிச்சு சோறு போட்டது யாரு?" என்பாள்.

எனக்கு அப்போது அது கிழவியின் குறுக்குக் கேள்வியாகத்தான் பட்டது. டி.ஏ. மதுரத்தைப் பற்றிப் படிக்கப் படிக்க, கலைவாணரின் வாழ்க்கைக்குள் நுழைவதற்கு அதைவிட நல்ல வாசல் இல்லை என்று தோன்ற ஆரம்பித்தது. கலைவாணரை நான் கொண்டாடுகிறேன். கொண்டாடுவதாலேயே அந்த வீட்டின் இன்னொரு பக்கக் கணக்கையும் எழுத வேண்டும் என்று நினைக்கிறேன்.

நாகர்கோவிலின் வடக்கு விளிம்பில், பழையாற்றங்கரையில் ஒழுகினசேரி. அங்கே 1908 நவம்பர் 29-ஆம் தேதி கிருஷ்ணன் பிறந்தார். அப்பா சுடலைமுத்துப் பிள்ளை, அம்மா இசக்கி அம்மாள். அந்த மண்ணை அறிந்தவர்களுக்கு இந்த இரண்டு பெயர்களும் போதும். சுடலைமாடனுக்கும் இசக்கியம்மனுக்கும் கொடைவிழா நடக்கும் ஊர்களில், விடிய விடிய வில்லுப்பாட்டு கேட்டு வளர்ந்த பிள்ளை என்று புரிந்துகொள்ளலாம். நாகர்கோவில் அன்றைக்குத் திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. 1956 நவம்பர் 1-ஆம் தேதிதான் அது சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. தமிழ்நாடு முழுக்கத் தம்முடையவர் என்று உரிமை கொண்டாடிய மனிதர், சொந்த ஊர் தமிழ் மாநிலத்துக்குள் வந்த பிறகு பத்து மாதமே உயிரோடு இருந்தார்.

வீட்டில் வறுமை. படிப்பு நாலாம் வகுப்போடு நின்றது. டென்னிஸ் மட்டைக்கு நரம்பு கட்டும் வேலை பார்த்தார். நாடகக் கொட்டகையில் தின்பண்டம் விற்றார். விற்றுக்கொண்டே நாடகம் பார்த்த பையன் கடைசியில் டி.கே.எஸ். சகோதரர்களின் ஸ்ரீ பால ஷண்முகானந்த சபாவில் சேர்ந்தான். சிறுவர்களை வைத்து நாடகம் போடும் பாய்ஸ் கம்பெனியின் வாழ்க்கை என்பது பாட்டு, ஆட்டம், வசனம், அடி, பசி எல்லாம் சேர்ந்தது. அந்தப் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தவர்களுக்கு மேடையில் எது நடந்தாலும் கை நடுங்காது. சினிமா பேச ஆரம்பித்ததும் அவர்களைத்தான் தேடிப் பிடித்தார்கள். 1935-இல் 'மேனகா', 1936-இல் எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய 'சதி லீலாவதி' என்று கிருஷ்ணன் திரைக்கு வந்தார். இரண்டாவது படம் எம்.ஜி.ஆருக்கு முதல் படம்.

அதே வருஷம் 'வசந்தசேனா' படப்பிடிப்புக்காகப் பூனாவுக்குப் போன குழுவில்தான் மதுரம் இருந்தார். திருச்சிப் பக்கத்துப் பெண், நல்ல பாட்டு, துணிந்த பேச்சு. போன இடத்தில் கையில் காசில்லாமல் போய், குழுவின் செலவுக்குக் கிருஷ்ணன் மதுரத்திடம்தான் பணம் கேட்டு வாங்கினார் என்று சொல்வார்கள். அவர்கள் உறவின் முதல் வரவு செலவு அதுதான், கொடுத்தவர் மதுரம். இரண்டு பேரும் நெருங்கி, பூனாவிலேயே கல்யாணமும் நடந்துவிட்டது.

ஆனால் ஊரில் கிருஷ்ணனுக்கு நாகம்மை என்று ஒரு மனைவி ஏற்கெனவே இருந்தார். மதுரத்திடம் அதைச் சொல்லாமல்தான் கல்யாணம் செய்துகொண்டார். பிறகுதான் விஷயம் தெரியவந்தது. கலைவாணர் வரலாற்றை எழுதியவர்கள் இதை மறைக்கவில்லை, ஆனால் ஏதோ குறும்புக்காரப் பிள்ளையின் விளையாட்டுபோல ஒரு வரியில் தாண்டிவிடுகிறார்கள். எனக்கு அந்த வரியைத் தாண்ட மனம் வருவதில்லை. ஒரு பெண் வெளியூரில், வேலைக்குப் போன இடத்தில், நம்பி ஒரு முடிவு எடுக்கிறார். அந்த முடிவுக்கு அடியில் இருந்த தகவல் அவரிடம் மறைக்கப்பட்டிருக்கிறது. இரண்டாவது கல்யாணத்தைத் தடுக்கும் சட்டம் சென்னை மாகாணத்தில் 1949-இல்தான் வந்தது. அன்றைக்கு இது சட்டப்படி குற்றமில்லை. ஊர்வழக்கில் அதிசயமும் இல்லை. ஆனாலும் மதுரத்துக்கும், ஊரில் இருந்த நாகம்மைக்கும் அது எப்படி இருந்திருக்கும் என்பதைச் சட்டம் வைத்து அளக்க முடியாது.

மதுரம் விலகிப் போகவில்லை. கோபப்பட்டார், பிறகு நின்றார். அதற்குப் பிறகு இருபது வருஷம் தமிழ் சினிமாவில் ஒரு ஜோடியாக அவர்கள் செய்ததை இன்றுவரை வேறு எந்த ஜோடியும் செய்யவில்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்தி அவர்களுடைய தொழிலைப் பற்றிப் பேச வேண்டும். அந்தக் காலப் படங்களில் நகைச்சுவைப் பகுதி தனி ஏற்பாடு. கதை ஒரு பக்கம் போய்க்கொண்டிருக்கும். கிருஷ்ணன் தன் ஆட்களை வைத்துக்கொண்டு சிரிப்புப் பகுதியைத் தானே யோசித்து, தானே எழுதி, தானே நடத்தி முடித்துக் கொடுத்துவிடுவார். 1937-இல் வந்த 'அம்பிகாபதி'யிலேயே அந்தச் சுதந்திரம் அவருக்குக் கிடைத்துவிட்டது. டி.எஸ். துரைராஜ், 'புளிமூட்டை' ராமசாமி என்று ஒரு பட்டாளம் அவரைச் சுற்றி இருந்தது. பாட்டுக்கு உடுமலை நாராயணகவி. கவிராயரைத் தன் ஆசான் ஸ்தானத்தில் வைத்திருந்தார் கிருஷ்ணன். படம் ஓடாவிட்டாலும் என்.எஸ்.கே. - மதுரம் பகுதிக்காக டிக்கெட் வாங்கியவர்கள் உண்டு என்று அந்தத் தலைமுறைப் பெரியவர்கள் சொல்வார்கள்.

அந்தப் பகுதிகளைத் தொடர்ந்து பார்த்தால் ஒன்று பிடிபடும். சிரிப்பு கிருஷ்ணனிடமிருந்து மட்டும் வருவதில்லை. அவர் பெரிதாக ஏதாவது அளந்துவிடுவார். மதுரம் ஒரு கணம் பார்ப்பார். பிறகு ஒரு கேள்வி போடுவார். அவர் அளந்தது அந்தக் கேள்வியில் சரிந்து விழும்போதுதான் கொட்டகை சிரித்திருக்கும். வில்லுப்பாட்டில் வில்லடிக்கிற அண்ணாவி கதை சொல்லும்போது, எதிரே உட்கார்ந்து 'ஆமா' போடுகிறவர் ஒருவர் இருப்பார். அவர் சரியாக இல்லையென்றால் எப்பேர்ப்பட்ட அண்ணாவிக்கும் கதை நகராது. ஒழுகினசேரிப் பையனுக்கு இது ரத்தத்திலேயே தெரியும். மதுரம் அந்த இடத்தில் இருந்தார். ஆனால் வெறுமனே ஆமா போடாமல், 'அது எப்படி?' என்று திருப்பிக் கேட்கிறவராக இருந்தார். 1930-களிலும் 40-களிலும் தமிழ்த் திரையில் கணவனை மடக்கிக் கேள்வி கேட்டு ஜெயிக்கிற மனைவி வேறு எங்கே இருந்தாள்? கற்புக்கரசிகள் அழுதுகொண்டிருந்த படங்களுக்கு நடுவே, மதுரம் இடுப்பில் கைவைத்து நின்றுகொண்டிருந்தார்.

விஞ்ஞானத்தை வளர்க்கப் போகிறேன் என்று அவர்கள் பாடும் பாட்டு நினைவிருக்கலாம். பட்டனைத் தட்டினால் இட்டிலியும் காப்பியும் பக்கத்தில் வந்து நிற்க வேண்டும் என்று அதில் ஒரு ஆசை வரும். சிரிப்புக்காகச் சொன்னதுதான். ஆனால் விஞ்ஞானம் வந்தால் முதலில் அடுப்படிக்கு வர வேண்டும் என்கிற யோசனை, அடுப்படி வேலையை வேலை என்று மதிக்கிற இடத்திலிருந்துதான் வரும். அந்த ஜோடியின் பாட்டுகளில் இப்படி வீட்டு வாசம் அடித்துக்கொண்டே இருக்கும்.

யாருடைய உடம்பையும் கேலி செய்து அவர் சிரிப்பு வாங்கியதில்லை என்று சொல்வார்கள். முழுக்க அப்படியா என்றால், பழைய படங்களில் இன்றைக்கு நெருடுகிற இடங்கள் இருக்கத்தான் செய்கின்றன. ஆனால் அவர் கை எந்தப் பக்கம் நீண்டது என்பதில் சந்தேகமே வேண்டாம். மூடநம்பிக்கை, தீண்டாமை, குடி, போலிப் பக்தி. அதற்கு உச்சம் 'கிந்தனார்'. நந்தனார் சரித்திரத்தைக் கதாகாலட்சேப பாணியிலேயே எடுத்துக்கொண்டு, சிதம்பரத்துக்குப் போக ஏங்கிய நந்தனின் இடத்தில், படிப்பதற்காகப் பட்டணம் போக ஏங்குகிற கிந்தனை வைத்தார். ஒடுக்கப்பட்ட சாதிப் பையன் ரயிலேறுகிறான். ரயிலில் யார் பக்கத்தில் யார் என்ற பேதமில்லை. படித்துப் பெரிய உத்தியோகத்தோடு ஊருக்குத் திரும்புகிறான். அண்ணா கதை வசனம் எழுதிய 'நல்லதம்பி' (1949) படத்தில் இது இடம்பெற்றது. கோயிலுக்குள் விடு என்று கேட்பதிலிருந்து பள்ளிக்கூடத்துக்குள் விடு என்று கேட்பதற்கு ஒரு தாவு தாவியிருக்கிறார். சிரிக்க வைத்துக்கொண்டே அந்தத் தாவலைத் தாவ அபாரமான தைரியம் வேண்டும்.

இனி லட்சுமிகாந்தன் கொலை வழக்கு. இதைப் பற்றித் தமிழில் நிறைய எழுதியாகிவிட்டது, சுருக்கமாகவே சொல்கிறேன். சி.என். லட்சுமிகாந்தன் 'சினிமா தூது' என்ற பத்திரிகையில் நடிகர் நடிகைகளின் அந்தரங்கத்தை எழுதிக்கொண்டிருந்தார். பாட்டால் புகழ்பெற்ற நடிகர் தியாகராஜ பாகவதர், கிருஷ்ணன், இயக்குநர் ஸ்ரீராமுலு நாயுடு மூவரும் கவர்னர் ஆர்தர் ஹோப்பிடம் மனுக் கொடுத்து அதை நிறுத்தவைத்தார்கள். லட்சுமிகாந்தன் 'இந்து நேசன்' என்ற பத்திரிகையில் திரும்ப ஆரம்பித்தார். 1944 நவம்பர் 8-ஆம் தேதி வேப்பேரியில் ரிக்‌ஷாவில் போய்க்கொண்டிருந்தபோது அவர் குத்தப்பட்டார். மறுநாள் ஆஸ்பத்திரியில் இறந்தார். டிசம்பரில் மனுக் கொடுத்த மூவரும் கைது. ஸ்ரீராமுலு நாயுடு விடுதலையானார். பாகவதருக்கும் கிருஷ்ணனுக்கும் 1945-இல் ஆயுள் தண்டனை. மேல் முறையீடு சென்னை உயர் நீதிமன்றத்தில் தோற்றது. அன்றைக்கு எல்லாவற்றுக்கும் மேல் மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில்வரை போய், வழக்கு மறுபடியும் சென்னைக்கே விசாரணைக்கு வந்து, 1947 ஏப்ரலில் இருவரும் குற்றமற்றவர்கள் என்று விடுதலையானார்கள்.

கைதானபோது பாகவதரின் 'ஹரிதாஸ்' வெளியாகி இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. மூன்று தீபாவளி கண்ட அந்தப் படத்தில் கிருஷ்ணனும் மதுரமும் இருந்தார்கள். பாகவதரும் கிருஷ்ணனும் சிறையில் இருக்க, பிராட்வே தியேட்டரில் படம் ஓடிக்கொண்டே இருந்தது. திரையில் மதுரத்தோடு சிரித்துக்கொண்டிருந்த மனிதர் சிறையில். வெளியே மதுரம்.

ஆச்சியின் கேள்வி எனக்கு முழுசாகப் புரிந்தது இந்த இரண்டு வருஷம் நான்கு மாதத்தைப் பற்றிப் படித்தபோதுதான். லண்டன்வரை வழக்கு நடத்துவது என்பது அன்றைக்கு சொத்தைக் கரைக்கிற காரியம். பெரிய பெரிய வக்கீல்கள். வருமானம் ஈட்டுகிறவர் உள்ளே. நாடக சபாவை நம்பியிருந்த நடிகர்கள், வாத்தியக்காரர்கள், சமையல்காரர்கள், அவர்கள் குடும்பங்கள். கிருஷ்ணன் கொடுத்துப் பழக்கிய கைகள் வாசலில் நின்றிருக்கும். அவர் உள்ளே போய்விட்டார் என்பதற்காக அவை வராமல் இருந்திருக்குமா? மதுரம் நாடக சபாவைக் கலைத்துவிடவில்லை. எஸ்.வி. சகஸ்ரநாமத்தின் துணையோடு தொடர்ந்து நடத்தினார். சகஸ்ரநாமம் எழுதிய 'பைத்தியக்காரன்' அந்தச் சமயத்து நாடகம்தான். 1947-இல் அது படமாகவும் வந்தது. விடுதலையாகி வந்த கிருஷ்ணன் அதில் நடித்தார். அதாவது, வெளியே வந்தவர் நிற்பதற்கு ஒரு மேடை தயாராக இருந்தது. நடிகர் கே.ஆர். ராமசாமி பிரிந்து போய் ஆரம்பித்த சபாவுக்கும் 'கிருஷ்ணன் நாடக சபா' என்றே பெயர் வைத்தார். அண்ணாவின் 'வேலைக்காரி'யும் 'ஓர் இரவு'ம் அங்கேதான் மேடையேறின. சிறையில் இருந்த மனிதரின் பெயரில் தமிழ் நாடகம் நடந்துகொண்டிருந்தது.

பாகவதருக்கு இது வாய்க்கவில்லை. விடுதலைக்குப் பிறகு அவர் நடித்த படங்கள் எடுபடவில்லை, 1959-இல் இறந்தார். அவருடைய குரலின் காலம் மாறிவிட்டது என்று ஒரு காரணம் சொல்வார்கள். கிருஷ்ணன் மறுபடியும் எழுந்து நின்றதற்கு அவருடைய திறமையும் அரசியல் தொடர்பும் காரணம் என்பார்கள். நான் அந்தப் பட்டியலில் மதுரத்தின் பெயரை முதலில் எழுதுவேன். ஒரு நடிகன் இரண்டரை வருஷத்துக்குக் கிட்ட மேடையை விட்டுப் போயும் அவன் பெயர் போட்ட போஸ்டர் ஊரில் ஒட்டப்பட்டுக்கொண்டே இருந்தது என்றால், ஒட்டச் சொன்ன ஆள் வேண்டுமே.

சிறைக்குப் பிறகு வந்த பத்து வருஷம் கிருஷ்ணனின் மிகப் பெரிய காலம். 1947-இல் பம்மல் சம்பந்த முதலியார் கையால் 'கலைவாணர்' பட்டம். 'சந்திரலேகா'வில் ஜோடியாக வந்தார்கள். 'நல்லதம்பி' எடுத்தார். 'மணமகள்' (1951) படத்தை இயக்கினார். பத்மினி தமிழில் கதாநாயகியானது அதில்தான். அடுத்த வருஷம் 'பணம்'. அந்தப் படத்தில்தான் எம்.எஸ். விஸ்வநாதனும் டி.கே. ராமமூர்த்தியும் இரட்டையர்களாகப் பெயர் போட்டு இசையமைத்தார்கள். சேர்த்துவைத்தவர் கலைவாணர் என்பார்கள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து சுப்பு ஆறுமுகம் என்ற இளைஞரைச் சென்னைக்குக் கூட்டிவந்து, காந்தி கதையை வில்லுப்பாட்டாக எழுதவைத்துப் பாடினார். அந்தச் சுப்பு ஆறுமுகம் எழுபது வருஷத்துக்கும் மேல் வில்லைக் கீழே வைக்கவில்லை. 2021-இல் பத்மஸ்ரீ வாங்கினார், மறு வருஷம் மறைந்தார். கலைவாணர் விட்டுப் போனவை என்று யோசிக்கும்போது, வெள்ளிக் கூஜாவைவிட எனக்கு இப்படிப்பட்ட மனிதர்கள்தான் முதலில் நினைவுக்கு வருகிறார்கள். கூஜா ஒருவருக்கு ஒரு மாதம் சோறு போட்டிருக்கும். சுப்பு ஆறுமுகம் ஒரு கலையையே இன்னொரு தலைமுறைக்குத் தூக்கிக்கொண்டு வந்தார்.

காந்தி மேலும் பக்தி, திராவிட இயக்கத்தோடும் உறவு. நாகர்கோவில் நகராட்சிப் பூங்காவில் காந்திக்கு நினைவுத் தூண் எழுப்பியவரும் அவர்தான். 1957 தேர்தலில் காஞ்சிபுரத்தில் அண்ணாவுக்கு ஓட்டுக் கேட்டவரும் அவர்தான். எதிரே நின்ற காங்கிரஸ் வேட்பாளர் ஒரு டாக்டர். கலைவாணர் கூட்டம் முழுக்க அந்த டாக்டரைப் புகழ்ந்து தள்ளிவிட்டு, இப்படிப்பட்ட கைராசிக்கார டாக்டரைச் சட்டசபைக்கு அனுப்பிவிட்டால் உங்களுக்கு யார் வைத்தியம் பார்ப்பது, அதனால் அண்ணாவை அனுப்புங்கள் என்று முடித்தாராம். எதிராளியைத் திட்டாமல் ஓட்டுக் கேட்ட அந்தப் பிரசாரத்தை இன்றைக்கும் மேடைகளில் நினைவுகூர்கிறார்கள். அண்ணா ஜெயித்தார்.

இத்தனைக்கும் நடுவே வீட்டில் என்ன நடந்தது? கிருஷ்ணனுக்கும் மதுரத்துக்கும் பிறந்த பெண் குழந்தை சிசுவிலேயே இறந்துவிட்டது. பிறகு குழந்தை இல்லை. மதுரத்தின் தங்கையைக் கிருஷ்ணன் மூன்றாவதாக மணந்தார். மதுரமே முன்நின்று அந்தக் கல்யாணத்தைச் செய்துவைத்தார் என்றுதான் எல்லாப் புத்தகங்களும் சொல்கின்றன. தங்கை வழியாக ஆறு குழந்தைகள். அந்தப் பிள்ளைகளுக்கு மதுரமும் தாயாக இருந்தார்.

இதைத் தியாகம் என்று சொல்லிக் கைகூப்பிவிட்டு நகர்வது நமக்குப் பழக்கம். நான் அப்படி நகர விரும்பவில்லை. மதுரம் மனதார விரும்பித்தான் செய்தார் என்றால் அதை மதிக்கிறேன். ஆனால் அவர் குரலில் அது நமக்குக் கிடைக்கவில்லை. திரையில் ஒவ்வொரு பேச்சுக்கும் 'அது எப்படி?' என்று கேட்ட பெண், வீட்டில் இந்தக் கேள்வியைக் கேட்டாரா, கேட்டிருந்தால் என்ன பதில் கிடைத்தது என்று யாரும் பதிந்துவைக்கவில்லை. விதவை மறுமணத்துக்காகப் பேசிய, பெண் கல்விக்காகப் பாடிய கலைவாணர் வீட்டுக்குள் காலத்தின் ஆளாகவே இருந்தார். அவருடைய சீர்திருத்தம் பொய் என்று நான் சொல்லவரவில்லை. அவர் நம்பித்தான் பாடினார். அந்தப் பாட்டு எத்தனையோ பேரைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியிருக்கும். தான் பாடியதில் பாதியைத்தான் ஒரு மனிதரால் வாழ முடிந்தது என்றால், அதையும் சேர்த்தே அவரை நேசிக்கிறேன். மறைத்துவிட்டு நேசிக்க எனக்குத் தெரியவில்லை.

பணம் போன வேகத்தைப் பற்றியும் இதையே சொல்வேன். 1955-இல் வந்த 'முதல் தேதி' படத்தில், சம்பளக்காரனின் மாதத்தில் முதல் இருபது நாள் கொண்டாட்டம், கடைசிப் பத்து நாள் திண்டாட்டம் என்று பாடினாரே, ஒவ்வொரு மாதமும் முதல் தேதி வந்தால் இன்றைக்கும் வானொலியிலும் வாட்ஸ்அப்பிலும் வந்துவிடுகிறதே, அதைப் பாடிய சமயத்தில் அவர் வீட்டிலேயே திண்டாட்டம் ஆரம்பித்துவிட்டிருந்தது. வழக்கு கரைத்தது ஒரு பக்கம், சொந்தப் படங்கள் ஒரு பக்கம், கொடை ஒரு பக்கம். கொடுத்தே அழிந்தார் என்று ஊரில் பெருமையாகச் சொல்வார்கள். கொடுக்கிறவருக்கு அந்த நேரத்தில் மனம் நிறையும். மறுநாள் காலையில் பால்காரருக்கும் மளிகைக் கடைக்கும் பதில் சொல்கிறவர் வேறொருவர். கலைவாணரின் கொடை இரண்டு பேர் சேர்ந்து செய்தது. ஒருவர் வாசலில் நின்று கொடுத்தார், ஒருவர் உள்ளே இருந்து சமாளித்தார். நாம் வாசலில் நின்றவருக்கு மட்டும் கர்ணன் என்று பெயர் வைத்தோம்.

1956-இல் 'ராஜா ராணி' படத்தில் சிரிப்பைப் பற்றி ஒரு பாட்டுப் பாடி, விதவிதமாகச் சிரித்துக் காட்டினார். உடம்பு தேய ஆரம்பித்திருந்த காலம். மூச்சு வாங்குகிற அந்தச் சிரிப்புகளை இப்போது பார்க்கும்போது, சிரிக்கச் சிரிக்கவே எனக்குத் தொண்டை அடைக்கிறது. 1957 ஆகஸ்ட் 30-ஆம் தேதி சென்னைப் பொது மருத்துவமனையில் அவர் இறந்தார். நாற்பத்தொன்பது வயது நிரம்பவில்லை. சிவாஜியின் 'அம்பிகாபதி' அவர் இறந்த பிறகுதான் கொட்டகைக்கு வந்தது. முதல் 'அம்பிகாபதி'யில் தன் பாணியைத் தொடங்கியவருக்கு இரண்டாவது 'அம்பிகாபதி' கடைசிப் படங்களில் ஒன்றாக அமைந்தது.

அதன் பிறகு மதுரம் பதினேழு வருஷம் வாழ்ந்தார். பெரும்பாலும் திரையை விட்டு ஒதுங்கியே. ஒழுகினசேரி வீடு கடனில் போகவிருந்தபோது எம்.ஜி.ஆர். மீட்டுக் கொடுத்தார் என்பார்கள். மதுரம் பிள்ளைகளை வளர்த்தார். 1974-இல் இறந்தார். இதற்கு மேல் அந்தப் பதினேழு வருஷத்தைப் பற்றி எழுதப்பட்டது மிகக் குறைவு.

கலைவாணருக்கு மரியாதைக் குறைவே இல்லை. 1969 பொங்கலன்று, ஜனவரி 14-ஆம் தேதி, தியாகராய நகரில் அவர் சிலையை முதலமைச்சர் அண்ணா திறந்துவைத்தார். புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் பிறகு மெலிந்துபோயிருந்த அண்ணா கலந்துகொண்ட கடைசிப் பொது நிகழ்ச்சி அது. பிப்ரவரி 3-ஆம் தேதி அவர் மறைந்தார். தனக்காக ஓட்டுக் கேட்ட நண்பருக்கு, நிற்கவே முடியாத நிலையிலும் வந்து நின்றார். சேப்பாக்கத்தில் முன்பு சட்டசபையாக இருந்து, பிறகு பாலர் அரங்கமான கட்டடத்துக்குக் கலைவாணர் அரங்கம் என்று பெயர் வந்தது. பழைய கட்டடம் போய்ப் புதியது எழுந்தது. கொரோனா காலத்தில் இடைவெளி விட்டு உட்கார இடம் வேண்டும் என்று சட்டசபை மறுபடியும் அங்கேயே கூடியது. 2021-இல் புது உறுப்பினர்கள் பதவியேற்றதும் அங்கேதான். நாலாம் வகுப்போடு நின்ற பையனின் பெயர் தாங்கிய கூடத்தில் ஒரு மாநிலத்தின் சட்டங்கள் இயற்றப்பட்டன. எனக்கு அதில் பெரிய சந்தோஷம்.

இந்த மரியாதையில் பாதி மதுரத்துக்கும் வர வேண்டும் என்று கேட்கிறேன். கலைவாணரின் பங்கைக் குறைத்துக் கொடுக்கச் சொல்லவில்லை. இணையத்தில் அவர்கள் காட்சிகளைத் துண்டு துண்டாக வெட்டிப் போடுகிறவர்கள் 'என்.எஸ்.கே. காமெடி' என்று மட்டும் தலைப்பு வைக்கிறார்கள்; இரண்டு பெயரையும் போடுங்கள். தமிழ் சினிமா ஆய்வு செய்கிற பிள்ளைகள் யாராவது மதுரத்தின் பக்கத்திலிருந்து ஒரு வரலாறு எழுதுங்கள். சிறைக் காலத்தில் சபா எந்த ஊர்களில் நாடகம் போட்டது, எவ்வளவு வசூல், யாருக்கு என்ன சம்பளம், வக்கீலுக்கு எங்கிருந்து பணம் போனது என்பதையெல்லாம் தேடினால் அந்தப் பெண்ணின் நிர்வாகத் திறமை வெளிச்சத்துக்கு வரும்.

தஞ்சாவூர், திருச்சி, மதுரை, நாகர்கோவில் பக்கங்களில் பழைய வீடுகளின் பரண்களில் அந்தக் காலத்து நாடக நோட்டீஸ்கள் இன்னும் கிடக்கலாம். என்.எஸ்.கே. நாடக சபாவில் வேலை பார்த்த யாருடைய பேரன் பேத்தியாவது இதைப் படித்தால், அந்தத் தாள்களைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். 1945, 46-ஆம் வருஷத்து நோட்டீஸ் ஒன்றையாவது கண்ணால் பார்க்க வேண்டும், அதில் டி.ஏ. மதுரம் பெயரை எந்த இடத்தில், எவ்வளவு பெரிய எழுத்தில் அச்சடித்திருக்கிறார்கள் என்று.